இரண்டாவது சாவி

எனக்குத் தெரிந்த தொழில் பூட்டு ஒன்றுதான்.
அதனால் அன்றிரவு ஒயினை ஊற்றிக்கொண்டே
தம்பி ஒரோன்சோ சொன்னபோது சிரித்துவிட்டேன்.
"அதுக்கு ரெண்டு சாவி அண்ணே.
ஒண்ணு நம்ம ஆள் கையில, ஒண்ணு அமெரிக்கன் கையில.
ரெண்டும் சேர்ந்து திரும்பினாத்தான் கிளம்பும்."

இரண்டு சாவிப் பூட்டு நானும் செய்திருக்கிறேன்,
தேவாலயத்துக் காணிக்கைப் பெட்டிக்கு.
பங்குச் சாமியாரிடம் ஒன்று, கணக்கரிடம் ஒன்று.
ஒருவரையொருவர் நம்பாதவர்களுக்கான பூட்டு அது.
நண்பர்கள் யாரும் இதுவரை கேட்டு வந்ததில்லை.

முர்ஜா மேட்டில் கல்தான் விளையும்.
அந்த வருடம் மட்டும்
செம்மறிகளுக்கு நடுவே
வெள்ளையாக மூன்று விளைந்தன,
மணிக்கூண்டு உயரத்துக்கு.
நிலத்துக்குக் காசு கொடுத்தார்கள்.
நியாயமான காசு, பொய் சொல்ல மாட்டேன்.
மேய்ப்பன் வீத்தாந்தோனியோ அதில் பல் கட்டிக்கொண்டு
ஒரு மாதம் காரணமில்லாமல் சிரித்தான்.
ஒரோன்சோவுக்கு முகாம் சமையலறையில் வேலை.

"நாப்பத்து மூணுல நம்மை யார் காப்பாத்தினா?" என்பான்.
"ஒருத்தன் கோவேறு கழுதையை ஓட்டிக்கிட்டுப் போனான்.
அவனை விரட்ட வந்தவன் பாலத்தை உடைச்சான்.
இனிமே வர்றவன் யோசிப்பான்.
நல்ல பூட்டு தொங்கினா
திருடன் அடுத்த வீட்டுக்குப் போவான்னு
நீதானே சொல்லி விக்கிறே?"

உண்மை. அப்படித்தான் விற்கிறேன்.
மீதிப் பாதியை வாங்குபவரிடம் சொல்வதில்லை:
பெரிய பூட்டு தொங்கும் இடத்தில்தான்
பெட்டி இருக்கிறதென்று
திருடனுக்கும் தெரியும்.
இங்கே பெட்டிகூட எங்களுடையதல்ல.
கதவு மட்டும்தான்.

இன்கொரொனாத்தா பாத்திரம் கழுவியபடி கேட்டாள்:
"நம்ம ஆள் திருப்ப மாட்டேன்னு நின்னுட்டா?"
"கிளம்பாது" என்றான் தம்பி.
அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
முப்பது வருடத்தில்
எத்தனை கதவுகளைச் சாவியில்லாமல் திறந்திருக்கிறேன்,
அவசரம் என்று வந்து நின்றவர்களுக்காக,
அவளுக்குத் தெரியும்.
நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் மின்னல் மூன்றில் ஒன்றைத் தொட்டது.
இடி கேட்டு எழுந்த ஊர்
அதன்பின் எதுவும் கேட்காததால்தான் தூங்கவில்லை.
காலையில் ஒலிபெருக்கி வைத்த வண்டி
ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று தெருத்தெருவாகப் போனது.
ஒன்றுமில்லாததற்கு எதற்கு வண்டி?
மின்னலிடம் மட்டும் யாரும்
சாவி கேட்கவில்லை.

பிறகு ஒரு வசந்தத்தில், இரவில், லாரிகள்.
வந்தபோதும் எங்களைக் கேட்கவில்லை,
போனபோதும் கேட்கவில்லை.
கடலுக்கு அப்பால் ஏதோ தீவுக்காகப் பேரம் முடிந்ததாம்,
நாங்கள் அதில் சில்லறையாம்.
சவரக்கடையில் பேசிக்கொண்டார்கள்.
மேட்டில் மூன்று சிமெண்டு வட்டங்கள்.
ஆடுகள் இன்னும் அவற்றைச் சுற்றித்தான் போகின்றன.

இன்கொரொனாத்தா அன்று ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள்.
எனக்கும் மூச்சு லேசானது.
ஆனாலும் வடக்கே தெரிந்த வெற்று வானம்
கொஞ்சம் அதிகமாகவே வெறுமையாக இருந்தது.
இதை அவளிடம் சொல்லவில்லை.

வேலை போன ஒரோன்சோ
ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தான்.
தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.
"வீட்டுக் கதவுக்குப் பூட்டு வேணும். பெருசா."
கேலி செய்ய வாயெடுத்தேன்,
அவன் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.
அச்சைத் தேடியபடி
வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்:

"எத்தனை சாவி?"

வெகுநேரம் யோசித்தான்.